பெயருக்குக் கீழே ஒரு வரி: யார் நிபுணர்?

2025 ஜூலை 27 அன்று திருநெல்வேலியில் மென்பொறியாளர் கவின் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த நாட்களில், தென்மாவட்ட நீதிமன்றங்களில் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் எங்களைப் போன்றோரின் கைப்பேசிகள் மாலை ஆறு மணிக்கு மேல் ஓயாமல் ஒலித்தன. தொலைக்காட்சி அலுவலகங்களிலிருந்து வந்த அந்த அழைப்புகள் அனைத்திலும் ஏறத்தாழ மூன்றே கேள்விகள்தாம் இருந்தன. எட்டு மணி விவாதத்தில் இணைய முடியுமா? எந்தத் தரப்பில் பேசுவீர்கள்? உங்கள் பெயருக்குக் கீழே என்ன போடுவது?

மூன்றாவது கேள்வி மிகச் சாதாரணமாகக் கேட்கப்படுவது. ஆனால் ஒருவரின் சொல்லுக்குப் பார்வையாளர் எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியே தீர்மானிக்கிறது. 'மூத்த பத்திரிகையாளர்', 'அரசியல் விமர்சகர்', 'கல்வியாளர்', 'பொருளாதார அறிஞர்' என்ற வரிகளுக்கு உரியவர்கள் எல்லாப் பொருள்களைப் பற்றியும் பேச அழைக்கப்படுகிறார்கள். சட்டம் படித்து, பத்தாண்டுகளுக்கு மேல் வழக்காடிய ஒருவருக்குக் கிடைக்கும் வரி 'தலித் செயற்பாட்டாளர்'. அவருக்கு எதிரே அமர்த்தப்படும் சாதிச் சங்கத் தலைவருக்கோ 'சமுதாயத் தலைவர்' என்ற வரி. ஒருவரது அறிவு அவரது சாதியாகச் சுருங்குகிறது. மற்றவரது சாதி தலைமைப் பண்பாக விரிகிறது. இது கவனக்குறைவால் நேர்வது என்று நான் கருதவில்லை.

இப்போது இதைப் பேச வேண்டிய காரணம் உண்டு. கவின் கொலைக்குப் பின் எழுந்த கோரிக்கைகளைத் தொடர்ந்து, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என முதலமைச்சர் 2025 அக்டோபரில் அறிவித்தார். ஒரு சட்டம் வரைவு நிலையில் இருக்கும்போது அதன் சொற்களை முடிவுசெய்வது சட்டமன்றம் மட்டுமன்று. 'கௌரவக் கொலை' என்று செய்தித்தாள்கள் எழுதிவந்ததை 'ஆணவக் கொலை' என்று மாற்ற வைத்தது இயக்கங்களின் நெடுங்கால உழைப்பு. அதே காலத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல்லும் புகுந்தது. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டதையொட்டி அந்தச் சொல் மேடைகளிலிருந்து விவாத அரங்குகளுக்கு ஏறியது. வீடிழந்தவர்கள் குற்றவாளிகளாகவும், எரித்தவர்கள் புண்பட்டவர்களாகவும் மாறுவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. யாருடைய சொல் பொதுச்சொல்லாகிறது என்பதற்கும், யாருடைய பெயருக்குக் கீழே எந்த வரி ஓடுகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நீதிமன்றம் ஒருவரை எப்படி நிபுணராக ஏற்கிறது என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவும் நிபுணர் கருத்தைப் பற்றிப் பேசுகின்றன. அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை என்றிருந்த பட்டியலில் புதிய சட்டம் 'வேறு எந்தத் துறையும்' என்பதைச் சேர்த்துள்ளது. ஆனால் அடிப்படை மாறவில்லை. கருத்துச் சொல்பவர் அத்துறையில் தனித்தேர்ச்சி உடையவர் என முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். முடிவை மட்டும் சொன்னால் போதாது, அம்முடிவுக்கு ஆதாரமான தரவுகளையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பின்னர் அவர் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அவரது கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

தொலைக்காட்சியில் இவற்றில் ஒன்றும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 'பெருமளவில் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த ஆண்டின் எந்த மாவட்டத்தின் எத்தனை வழக்குகளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நெறியாளர் கேட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும், அதே வாதத்தின் நிழலில் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் அச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ததும், நாடு தழுவிய போராட்டத்தின் பின் நாடாளுமன்றம் அதே ஆண்டில் 18ஏ பிரிவைச் சேர்த்ததும், 2020 பிப்ரவரியில் அப்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றமே உறுதிசெய்ததும் பதிவில் உள்ள வரலாறு. விவாத அரங்கில் இந்த வரலாறு ஒவ்வோர் இரவும் புதிதாக அழிக்கப்படுகிறது.

இந்த நிலை ஏன் நீடிக்கிறது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளின் சில ஆய்வுகள் விடை தருகின்றன. 1996இல், வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் தலித் பத்திரிகையாளர் ஒருவருடன் பேச வேண்டும் என்று கேட்க, பி.என். உனியால் தேடிப் பார்த்தார். தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலில் அவரால் ஒரு தலித்தைக்கூடக் கண்டறிய இயலவில்லை. அதை அவர் 'தி பயனியர்' நாளிதழில் எழுதினார். 2006இல் யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் ஆகியோர் தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரை ஆராய்ந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட அறிக்கையில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அங்கும் இல்லை. சாதியைப் பற்றி எழுதுவோரிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் உயர்சாதியினர் என்பதும் அந்த அறிக்கையின் கண்டறிதல். இவை இந்தி, ஆங்கில ஊடகங்களைப் பற்றியவை. திராவிட இயக்கத்தின் மண் என்று பெருமை கொள்ளும் தமிழ்நாட்டில், தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் தம் ஆசிரியர் குழுவின் சமூக விவரத்தைத் தாமாக வெளியிட முன்வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

இடம் மறுக்கப்பட்டபோது சொந்தமாக அச்சு எழுப்பிய மரபு நமக்கு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, கட்டணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிடத் திலகரின் 'கேசரி' மறுத்தது. அயோத்திதாசர் சித்த மருத்துவர். மொழி, சமயம், வரலாறு, அன்றாட அரசியல் அனைத்தையும் பற்றி எழுதியவர். இன்று அவரை விவாதத்திற்கு அழைத்தால் பெயருக்குக் கீழே என்ன போடுவார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி மதுரைக்கு வருவோம். இந்தச் சமவெளியில் தலித் உரிமைக்கான குரல்கள் நம்பகத்தன்மையை எவ்வாறு ஈட்டின என்பது தொலைக்காட்சியின் வழியிலிருந்து முற்றிலும் வேறான கதை. 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை ஒதுக்கீட்டின்படி முறையான தலைவர் பதவியில் அமர முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்ட மேலவளவு வழக்கில் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்றவர் வழக்கறிஞர் பொ. இரத்தினம். அவரது சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு ஒளிபரப்பில் விளைந்தது அன்று. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் நீதிமன்றத்திற்கும் இடையே அவர் சுமந்த கட்டுகளில் விளைந்தது.

மக்கள் கண்காணிப்பகத்தின் ஹென்றி திபேன், எவிடென்ஸ் அமைப்பின் கதிர் ஆகிய இருவரும் மதுரையை மையமாகக் கொண்டு செயல்படுபவர்கள். இவர்களது அரசியல் நிலைப்பாடுகள் குறித்தும், அரசுசாரா நிறுவன வடிவம் குறித்தும் தலித் இயக்கங்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்துகள் உண்டு. அது வேறு விவாதம். இங்கு நான் சுட்ட விரும்புவது அவர்களது முறையை. சம்பவ இடத்திற்குச் செல்வது, இரு தரப்பையும் அதிகாரிகளையும் சந்திப்பது, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எண்களைத் தொகுப்பது, பிறகு செய்தியாளர்களைச் சந்திப்பது. இந்த வரிசையில் ஊடகம் கடைசியில் வருகிறது.

உத்தப்புரம் இதற்கு இன்னொரு சான்று. மதுரை நகரில் பெரிய தமிழ் நாளிதழ்களுக்கு எல்லாம் பதிப்புகள் உண்டு. இருந்தும், எழுமலைக்கு அருகில் தலித் மக்களைப் பிரித்து நின்ற அந்தச் சுவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்தியாகவில்லை. 2008இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தபோதுதான் அது வெளியுலகின் கண்ணுக்குப் பட்டது. சுவரின் மீது மின்கம்பி இழுக்கப்பட்டிருந்ததை நாளிதழ்கள் எழுதின. மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பிய தோழர்கள் எவருக்கும் பெயருக்குக் கீழே வரி கிடையாது.

நிபுணருக்கு மாறாக யாருக்கு அரங்கு திறந்திருந்தது என்பதைக் கோகுல்ராஜ் வழக்கு காட்டும். 2015 ஜூனில் அந்த மாணவர் கொல்லப்பட்ட பின், முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் காவல்துறையால் தேடப்பட்டுக்கொண்டிருந்தார். அந்நிலையிலேயே அவரது குரல்பதிவுகள் வாட்ஸ்அப்பில் பரவின. தொலைக்காட்சி நேர்காணலிலும் அவர் தோன்றினார். சரணடைந்தது அதற்குப் பிறகுதான். சாதிச் சங்கத் தலைவர் என்ற வரி, தேடப்படும் ஒருவரைக்கூடக் கருத்தாளராக உயர்த்தப் போதுமானதாக இருந்தது. அந்த நேர்காணலின் பதிவு பின்னர் அரசுத் தரப்புச் சான்றுகளில் ஒன்றாக நீதிமன்றத்திற்கு வந்தது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் அவர் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவரது தண்டனையை உறுதிசெய்தது. அரங்கில் எழுப்பப்படாத கேள்விகளை ஒரு சிறப்பு அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டியிருந்தது.

அவ்வழக்கு எங்களைப் போன்றோருக்கு மற்றொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. முக்கியச் சாட்சி ஒருவர் பிறழ்சாட்சியானதை அனைவரும் அறிவர். ஒரு சாட்சி முன்பு சொன்னதை வைத்து அவரை முரண்படுத்தும் உரிமையைச் சாட்சியச் சட்டம் எதிர்த்தரப்புக்குத் தருகிறது. முன்பு 145ஆம் பிரிவு, இப்போது 148. கொலை நடந்த மறுநாளே தாயின் முன்னும் தங்கையின் முன்னும் ஒலிவாங்கியை நீட்டிப் பெறப்படும் ஒவ்வொரு வாக்கியமும் ஈராண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். அழுகையினூடே நேரத்தை ஒரு மணி மாற்றிச் சொன்னதுகூட முரண்பாடு எனப் பதியப்படும். ஆகவே, பாதிக்கப்பட்ட குடும்பத்தை அரங்கிற்கு அழைத்துவர உதவுமாறு கேட்கும் தொலைக்காட்சிகளுக்கு நான் மறுப்பதே வழக்கம். இதனால் சில இடங்களில் 'ஒத்துழைக்காதவர்' என்ற பெயரும் கிடைத்திருக்கிறது.

வழக்கறிஞருக்கு வேறொரு கட்டும் உண்டு. இந்திய வழக்கறிஞர் கழக விதிகளின் 36ஆம் விதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தாம் ஈடுபட்டுள்ள வழக்குத் தொடர்பாகப் பத்திரிகைக் கருத்துகளுக்குத் தூண்டுதலாக இருப்பதையும், தம் படத்தை வெளியிடச் செய்வதையும் அது குறிப்பாகவே தடுக்கிறது. இதன் விளைவு விந்தையானது. வழக்குக் கட்டை முழுமையாகப் படித்த வழக்கறிஞர் வாய் மூடியிருக்க வேண்டும். கட்டைத் தொடாதவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். விதியை நான் குறை சொல்லவில்லை. கட்சிக்காரரின் துயரத்தை வைத்துப் பெயர் சம்பாதிப்பதை அது தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். ஆனால் விதியை மதிப்பவர்கள் விலகி நிற்க, மதிக்காதவர்கள் அரங்கை நிரப்புகிறார்கள் என்பதையும் காணாமல் இருக்க முடியாது.

அப்படியானால் ஓர் இளம் தலித் வழக்கறிஞர் பொதுவெளியில் பேச வேண்டுமா, கூடாதா? பேச வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தம் கையில் உள்ள வழக்கைப் பற்றி அன்று. அமைப்பு எங்கே தவறுகிறது என்பதைப் பற்றி. 'இது சாதிக் கொலைதானா?' என்ற கேள்விக்கு நாற்பது நிமிடம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக எழுப்ப வேண்டிய கேள்விகள் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கிறாரா? அறுபது நாட்களில் விசாரணை முடிந்ததா? கொலை வழக்கில் தரவேண்டிய நிவாரணத்தில் பாதி, உடற்கூறாய்வு முடிந்ததும் குடும்பத்திற்குச் சென்றதா? மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூடியதா? 15ஏ(10) பிரிவு கோருவதுபோல் நீதிமன்ற நடவடிக்கைகள் காணொலியாகப் பதிவாகின்றனவா? கடமை தவறிய அலுவலர் மீது 4ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை உண்டா? இவை ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற விடை உண்டு. விடையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பெறலாம். பெற்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரை எதிரே அமர்ந்திருக்கும் 'சமுதாயத் தலைவர்' இரைச்சலால் வெல்வது கடினம்.

கொலை நடந்த இரவுகளுக்கு மட்டுமே நம்மை அழைக்கிறார்கள் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். 2024 நவம்பரில் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏல விவகாரம் வெடித்தபோது, நிலமெடுப்புச் சட்டம் பற்றிப் பேசத் தயார் என்று ஒரு தொலைக்காட்சிக்குத் தெரிவித்தேன். அதற்கு வேறொருவர் வருகிறார், ஏதாவது 'உங்கள் பிரச்சினை' வந்தால் அழைக்கிறோம் என்று பதில் வந்தது. மக்களின் உறுதியான போராட்டத்தால் 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலம் ரத்தானது, மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் நான் பார்த்த விவாதங்களில் அரிட்டாபட்டியின் குடைவரைக் கோயிலும் சமணப் படுகையும் பல்லுயிர்ச் செழுமையும் பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட, பட்டா இல்லாத கூலி விவசாயிக்கு நிலமெடுப்பில் என்ன கிடைக்கும் என்பது பேசப்படவில்லை. மேலூர் ஒருபோக நிலத்தில் யார் உழைக்கிறார்கள் என்பதை அறிந்த ஒருவருக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கும் கேள்வி.

உள் ஒதுக்கீடு குறித்த 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பின்போதும் இதே நிலைதான், சற்று வேறு வடிவில். ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏழு நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்துடன் நேரடித் தொடர்புடையது. அரங்குகள் பட்டியல் சாதியினரையே எதிரெதிராக அமர்த்தி மோதவிட்டன. தரவுகளைப் படித்து அமைதியாகப் பேசக்கூடிய அருந்ததியர் வழக்கறிஞர்களை நான் மதுரையிலேயே அறிவேன். அவர்களுக்கு அழைப்பு செல்லவில்லை. நம் இயக்கங்களும் அவர்களது பெயரை முன்மொழியவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெண் வழக்கறிஞர்களைப் பொறுத்தவரை நம் பக்கத்து நிலை இதைவிட மோசம். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வந்து உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனுக்களை நடத்தும் பெண்கள் இருக்கையில், தொலைக்காட்சிக்கு நாம் தரும் எண்கள் பெரும்பாலும் ஆண்களின் எண்கள்.

பணத்தையும் பேசியாக வேண்டும். எனக்குத் தெரிந்த தோழர்கள் எவருக்கும் இவ்விவாதங்களுக்கு மதிப்பூதியம் கிடைத்ததில்லை. சென்னைக்கு நேரில் வரச் சொன்னால் இரண்டு நாள் வழக்குகளை வாய்தா வாங்க வேண்டும். மதுரையிலிருந்து இணையவழி இணைந்தால், நாம் வாயைத் திறக்கும்போது 'இணைப்பில் சிக்கல்' வந்துவிடுகிறது. சிக்கல் தீர்ந்து திரும்பும்போது இடைவேளை. அரங்கில் நேரில் அமரும் வசதி உள்ளவரே தொடர்ந்து அழைக்கப்படுகிறார். தொடர்ந்து அழைக்கப்படுபவரே நிபுணராகிறார்.

நீதிபதி பாஷா ஆணையத்தின் பணிக்கு இவை அனைத்தும் பொருந்தும். அதன் முன் வைக்க வேண்டிய ஆவணங்களில் முதன்மையானது இந்த மதுரை மண்ணிலிருந்தே வந்தது. 2014இல் உசிலம்பட்டிப் பகுதியில் சாதி மறுப்பு மணம் செய்த ஓர் இளம்பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், 2016 ஏப்ரல் 13 அன்று நீதிபதி வி. இராமசுப்பிரமணியன், மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் உதவி எண்ணும் அமைக்க வேண்டும், அதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என உத்தரவிட்டார். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும், காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட தனிப் பிரிவுகளை மாவட்டந்தோறும் அமைக்கப் பணித்தது. அந்தப் பிரிவுகள் இந்த ஆண்டுகளில் எத்தனை இணையர்களிடமிருந்து மனுக்களைப் பெற்றன, எத்தனை பேருக்குப் பாதுகாப்பு அளித்தன, எத்தனை பேரைப் பெற்றோரிடமே திருப்பி அனுப்பின என்ற கணக்கு மாவட்ட வாரியாக ஆணையத்தின் மேசைக்குச் செல்ல வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் உரிமை மனுக்களை இந்த வாரமே அனுப்பலாம். ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களில் பதில் தரவேண்டும்.